பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு: "இங்கே இருக்க எனக்குத் தகுதியில்லை" என்ற எண்ணம். நடைமுறையில் என்ன செய்வது?

கேள்வி: நிலாமுற்றம்

வணக்கம். பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். கோர்ஸ் ஒர்க் எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடிந்தது. ஆய்வு தொடங்கியதிலிருந்து, "தேர்வுக் குழு ஏதோ தவறுதலாகச் சேர்த்துவிட்டது, என்றைக்காவது குட்டு வெளிப்படும்" என்ற நினைப்பு விடுவதே இல்லை. இதற்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர் இருப்பது தெரியும். "எல்லாருக்கும் இருக்கிறதுதான், கவலைப்படாதே" என்று பலர் சொல்லிவிட்டார்கள். அந்த ஆறுதல் அரை நாள்கூடத் தாங்கவில்லை.

இடறும் இடங்கள் இவை: லேப் மீட்டிங்கில் கேள்வி கேட்க வாய் வருவதில்லை. ஒரு டிராஃப்ட் ஐந்து வாரமாகக் கையிலேயே இருக்கிறது, கைடுக்கு அனுப்பவில்லை. சீனியர்கள் அரை மணியில் படிக்கும் பேப்பரை முடிக்க இரண்டு நாள் ஆகிறது. யாராவது பாராட்டினால், "விஷயம் தெரியாமல் சொல்கிறார்கள்" என்றுதான் தோன்றுகிறது.

ஆறுதல் வேண்டாம். தினமும் உட்கார்ந்து செய்யக்கூடியது என்ன என்று சொல்லுங்கள்.

பதில்: பாலைத்திணை

ஆறுதல் ஏன் தாங்கவில்லை என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம், வழி அங்கேதான் இருக்கிறது.

இதை முதலில் விவரித்தவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், 1978-இல். படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து எழுதினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது. அவர்கள் இதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் இது தனி நோயாக இடம்பெறவில்லை.

அவர்கள் காட்டிய முக்கியமான விஷயம் ஒரு சுழற்சி. ஒரு வேலை வருகிறது, பதற்றம் வருகிறது. அடுத்து ஒருவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: தேவைக்கு மூன்று மடங்கு தயார் செய்வார், அல்லது கடைசி நாள் வரை தள்ளிப்போடுவார். வேலை நல்லபடியாக முடியும். மூன்று மடங்கு உழைத்தவர், "இவ்வளவு மெனக்கெட்டதால்தான் தப்பித்தேன், திறமை இருந்தால் இவ்வளவு தேவைப்படுமா" என்பார். தள்ளிப்போட்டவர், "ஏதோ அதிர்ஷ்டம்" என்பார். எப்படிப் பார்த்தாலும் வெற்றி கணக்கில் ஏறுவதே இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான் பாராட்டும் போகிறது. அதனால் பாராட்டைக் கூட்டிப் பயனில்லை, சுழற்சியை ஓரிடத்தில் உடைக்க வேண்டும்.

உடைக்க எளிதான இடம் தயாரிப்பு நேரம். இப்படிச் செய்யுங்கள்: அடுத்த லேப் மீட்டிங்கில் 10 நிமிடம் பேச வேண்டியிருக்கிறது, வழக்கமாக அதற்கு 12 மணி நேரம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை 9 மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். பேசப்போகும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: "என்ன தப்பு நடக்கும் என்று நினைக்கிறேன்", "அது நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு". முடிந்ததும், அன்றைக்கே, உண்மையில் நடந்ததை எழுதுங்கள். உதாரணத்துக்கு:

"முன்: இரண்டாவது படத்தைப் பற்றிக் கேட்பார்கள், பதில் தெரியாது, இவருக்கு அடிப்படையே தெரியவில்லை என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள். 80 சதவீதம்.
பின்: இரண்டாவது படத்தைப் பற்றிக் கேட்டார்கள். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று அடுத்த படத்துக்குப் போனார்கள்."

பயந்ததில் பாதி நடந்திருக்கிறது, பயந்த விளைவு நடக்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் முழு வேலையும். எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டால், இரண்டே நாளில் நினைவு தன் பழைய கதைக்கு ஏற்றபடி அதைத் திருத்திவிடும். ஏழெட்டு பதிவு சேர்ந்த பிறகு முழுவதையும் ஒரே மூச்சில் படியுங்கள்.

பலர் இதில் சறுக்கும் இடம் இரண்டு. முதலாவது, 12 மணியை ஒரேயடியாக 2 மணியாக்குவது. பேச்சு நிஜமாகவே சொதப்பும், "பார்த்தாயா" என்று மனம் பிடித்துக்கொள்ளும். கால் பங்கு குறைத்தால் போதும். இரண்டாவது, இந்தச் சோதனையை விரிவான வாய்மொழித் தேர்வு போன்ற பெரிய நாளில் தொடங்குவது. தோற்றாலும் ஒன்றும் போகாத இடத்தில் தொடங்குங்கள். நீங்கள் தள்ளிப்போடும் வகை என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அதற்குமேல் அன்றைக்குத் தொடக்கூடாது.

பதில்: மைக்கூடு

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா எனக்கு அந்த ஐந்து வார டிராஃப்ட்தான் கண்ல படுது. முதல்ல அதை வெளியே அனுப்புங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

"முழுசா முடிச்சுட்டுக் காட்டுறேன்"ங்கிறது கேட்க நல்லா இருக்கும். நடக்கிறது என்னன்னா, டிராஃப்ட் கையில இருக்கிற ஒவ்வொரு வாரமும் கைடோட எதிர்பார்ப்பு ஏறுதுன்னு உங்களுக்குத் தோணும், அதனால இன்னும் திருத்துவீங்க, இன்னும் தள்ளிப்போகும். ஐந்து வாரம் கழிச்சு, வாதமே வேற திசையில போயிருக்கணும்னு கைடு சொன்னா ஐந்து வார உழைப்பும் வீண். இரண்டாவது நாளே ஒரு பக்கம் காட்டியிருந்தா ஒரு பக்கம்தான் வீண்.

அனுப்புற வரிசை இப்படி இருக்கட்டும். முதல்ல படங்களும் அட்டவணைகளும் மட்டும், ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் "இதிலிருந்து தெரிவது" அப்படின்னு ஒரே வரி. வாக்கியமே வேண்டாம். அது சரின்னா ஒரு பக்க அவுட்லைன், பத்திக்கு ஒரு வரி. அதுவும் சரின்னா முறைகள் பகுதி, பிறகு முடிவுகள். முன்னுரையைக் கடைசியா எழுதுங்க. முதல்லயே முன்னுரை எழுத உட்கார்ந்துதான் நிறைய பேர் மாசக்கணக்கா மாட்டிக்கிறாங்க, ஏன்னா துறை முழுசையும் தெரிஞ்சவங்க மாதிரி எழுத வேண்டிய பகுதி அது. இந்த உணர்வு இருக்கிறவங்களுக்கு அதைவிட மோசமான தொடக்கம் வேற இல்ல.

மெயில் இவ்வளவுதான்:

"வணக்கம். மூன்றாம் பரிசோதனையின் நான்கு படங்கள் இணைப்பில். இது முதல் நிலை, எழுத்து இன்னும் தொடங்கவில்லை. மொழி, வடிவமைப்பு இப்போது பார்க்க வேண்டாம். தெரிய வேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது படம் மூன்றாவதுக்கு முன் வருவது வாதத்துக்குச் சரியா? புதன்கிழமைக்குள் ஒரு வரி பதில் போதும்."

நிலையைச் சொல்லணும், என்ன பார்க்க வேண்டாம்னு சொல்லணும், ஒரே ஒரு கேள்வி கேட்கணும், நாள் குறிக்கணும். இதுல கேள்வியை விட்டுட்டா என்ன ஆகும் தெரியுமா? படிக்கிறவருக்கு எதைச் சொல்றதுன்னு தெரியாம கால்புள்ளி, எழுத்துப்பிழைன்னு சிவப்பு மையால நிரப்பி அனுப்புவார். அதைப் பார்த்து "ஒண்ணுமே சரியில்ல போல"ன்னு நீங்க உடைஞ்சுபோவீங்க. அவர் நினைச்சது அது இல்லவே இல்ல.

லேப் மீட்டிங் பத்தி சுருக்கமா: புத்திசாலித்தனமான கேள்விக்காகக் காத்திருக்காதீங்க. வரைபடத்தோட அச்சில் அலகு என்ன, மாதிரி எண்ணிக்கை எவ்வளவு, ஒப்பிட்டுப் பார்க்க வெச்ச கண்ட்ரோல் எது. இந்த மூணுல ஒண்ணு எல்லாப் பேச்சிலயும் கேட்கத் தகுந்ததாவே இருக்கும். முதல் பத்து நிமிஷத்துக்குள்ள கேட்டுடுங்க. நேரம் போகப் போக, "இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு இதைப் போய்க் கேட்கிறதா"ங்கிற தயக்கம் ஏறிக்கிட்டே போகும்.

பதில்: அளவுகோல்

ஒரு சின்ன மறுப்பு. தகுதியில்லை என்று தோன்றுவதையெல்லாம் "வெறும் உணர்வு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் ஒரு பங்கு உண்மையான திறன் இடைவெளியாக இருக்கும். இருந்தே ஆக வேண்டும், பயிற்சிக்குத்தானே சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பதுதான் சிக்கல். இடைவெளிக்கு மருந்து படிப்பு. உணர்வுக்குப் படிப்பு மருந்தல்ல, பல நேரம் அதைக் கூட்டிவிடும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: "எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரியாது" போன்ற பெரிய வாக்கியத்தை அரை மணியில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையாகச் சுருக்குங்கள். உதாரணமாக, "பி-வேல்யூ 0.03 என்றால், கருதுகோள் தவறாக இருக்க 3 சதவீதம் வாய்ப்பு என்று ஏன் சொல்லக்கூடாது?" இதை ஐந்து வரியில், புத்தகம் பார்க்காமல், முதலாண்டு மாணவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். (இன்மைக் கருதுகோள், அதாவது விளைவு எதுவும் இல்லை என்பது, உண்மை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு அல்லது இதைவிடத் தீவிரமான முடிவு கிடைக்க 3 சதவீதம் வாய்ப்பு என்பதே அதன் பொருள். கருதுகோளின் வாய்ப்பை அது சொல்வதில்லை.) எழுத வந்தால், உங்களிடம் இருப்பது உணர்வு. வரவில்லை என்றால், இடைவெளி. மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் ஒதுக்கி, சொந்த டேட்டாவிலேயே பழகி அடைத்துவிடலாம். "நான் போலி" என்ற வாக்கியத்துக்கு வேலைத் திட்டம் போட முடியாது. "பி-வேல்யூவை விளக்க வரவில்லை" என்பதற்குப் போடலாம்.

பேப்பர் படிக்கும் வேகமும் இதே கதைதான். சீனியர் அரை மணியில் முடிப்பதற்குக் காரணம், அந்தப் பேப்பரின் முக்கால் பங்கு அவருக்கு முன்பே தெரியும். முன்னுரையைத் தாண்டிவிடுவார், முறைகளில் பழகிய பகுதியைத் தாண்டிவிடுவார், நேரே படங்களுக்குப் போவார். நீங்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே கனத்தில் படிக்கிறீர்கள். மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், உள்தலைப்புகள், படங்கள், முடிவுரை. பத்துப் பேப்பர் எடுத்தால் ஆறேழு இங்கேயே நின்றுவிடலாம். இரண்டாம் சுற்று ஒரு மணி நேரம், நிரூபணங்களையும் நுணுக்கங்களையும் விட்டுவிட்டு வாதத்தைப் பின்தொடர. மூன்றாம் சுற்றுதான் நான்கைந்து மணி நேரம் எடுக்கும், அது உங்கள் ஆய்வு நேரடியாக எதன்மேல் நிற்கிறதோ அந்தச் சில பேப்பர்களுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மூன்றாம் சுற்று போட்டால் யாருக்கும் இரண்டு நாள் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோர்ஸ் ஒர்க்கில் ஒவ்வொரு கேள்விக்கும் விடை எங்கோ எழுதி வைக்கப்பட்டிருந்தது. திணறினால் உங்கள் குறை என்று நினைக்க அங்கே ஒரு நியாயம் உண்டு. ஆய்வில் விடை யாரிடமும் இல்லை. திணறல்தான் அன்றாட வேலை. பழைய அளவுகோலை இங்கே வைத்து அளந்தால், நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கும் தினமும் பூஜ்யம்தான் வரும். அதனால் நாள் முடிவில், "இன்றைக்கு முடிவு கிடைத்ததா" என்று கேட்காமல், "இன்றைக்கு எதை விலக்கினேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். "செவ்வாய்: சிமுலேஷன் மூன்று மணி நேரம் ஓடி நின்றது. மெமரி காரணமல்ல. ஒரு கோப்பில் விநாடி, மற்றொன்றில் மில்லிவிநாடி." இது ஒரு நாள் வேலைக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டிய வரி.

நிலாமுற்றம்

மூவருக்கும் நன்றி. படங்களை மட்டும் தனியாக அனுப்பலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இன்னும் இரண்டு கேட்க வேண்டும். உடன் சேர்ந்தவர்களுக்கு ஏற்கெனவே பேப்பர் வந்துவிட்டது, அந்த ஒப்பீட்டை எப்படி நிறுத்துவது? இதைக் கைடிடம் சொல்லலாமா, சொன்னால் பலவீனமாகப் பார்ப்பாரா?

பதில்: எண்சுவடி

ஒப்பீட்டை நிறுத்தச் சொல்லமாட்டேன், அது முடியாது. ஒப்பிட எடுக்கும் மாதிரியே கோணலானது என்பதை மட்டும் காட்டுகிறேன்.

1991-இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் ஒன்றை நிறுவினார்: சராசரியாக, உங்கள் நண்பர்களுக்கு உங்களைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள். காரணம் எளிது. நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் வருவார், ஒருவர் மட்டுமே நண்பராக உள்ளவர் ஒரே பட்டியலில் வருவார். 2014-இல் இயோம், ஜோ என்ற இருவர் ஆய்வுக் கட்டுரைகளின் கூட்டாசிரியர் வலைப்பின்னலில் இதையே சோதித்தார்கள். சராசரியாக ஒருவருடைய கூட்டாசிரியர்களுக்கு அவரைவிட அதிகக் கட்டுரைகளும் அதிக மேற்கோள்களும் இருந்தன. அதாவது, சுற்றிப் பார்த்தால் எல்லாரும் உங்களைவிட மேலே இருப்பதாகத் தெரிவது வலைப்பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது. நிறைய வெளியிடுபவர்தான் செமினாரிலும் ஆசிரியர் பட்டியலிலும் அடிக்கடி கண்ணில் படுவார். வெளியிடாதவர் அமைதியாக வேறொரு மூலையில் உட்கார்ந்திருப்பார், அவரோடு யாரும் ஒப்பிட்டுக்கொள்வதில்லை.

அடுத்தது பேப்பர் ஏற்கப்படுவது. நியூரிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் மாநாடு 2014-இல் தன்னையே சோதித்துப் பார்த்தது. 166 கட்டுரைகளை இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ கால்வாசிக் கட்டுரைகளில் இரண்டு குழுக்களும் எதிரெதிர் முடிவு சொன்னார்கள். ஏற்கப்படுபவை எப்போதும் சிறுபான்மை என்பதால், ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேல் மற்றக் குழு நிராகரித்திருந்தது. தரத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. மிக மோசமானவற்றை இரு குழுக்களுமே தள்ளிவிடும், ஆனால் நடுவில் இருப்பவற்றுக்குச் சீட்டுக் குலுக்கலின் சாயல் உண்டு. உங்கள் நண்பருடைய ஒரு பேப்பரை அவருடைய அறிவின் அளவாகவும், உங்களுடைய நிராகரிப்பை உங்கள் அறிவின் அளவாகவும் எடுத்துக்கொள்ள இந்தக் கருவி அவ்வளவு துல்லியமானது அல்ல.

நிராகரிப்பு வந்தால்: கடிதத்தை ஒரு முறை படித்து மூடிவைத்து 48 மணி நேரம் விடுங்கள். பிறகு கட்டுரையை மதிப்பிட்ட ரிவ்யூவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரிசையில் போட்டு, எதிரே ஒரு குறி: திருத்தலாம், புதிய பரிசோதனை தேவை, சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மூன்றாவது வகைக்கு ரிவ்யூவர்மேல் கோபம் வரும். அதை, "இந்த இடத்தில் என் எழுத்து தெளிவாக இல்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதுதான் உண்மை.

மெலனி ஸ்டெஃபன் என்ற ஆய்வாளர் 2010-இல் "தோல்விகளின் சிவி" ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். கிடைக்காத ஃபெலோஷிப், திரும்பி வந்த கட்டுரை எல்லாம் வரிசையாக. இதைத் தனியாக எழுதினால் சிலருக்கு மனம் கனத்துப்போகிறது. லேப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிப் பரிமாறினால்தான் பயன், ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது மற்றவர்களுடையதை.

பதில்: கைவிளக்கு

கைடிடம் சொல்வது பற்றி. "நான் தகுதியில்லாதவள் என்று தோன்றுகிறது" என்று ஆரம்பித்தால், நல்ல கைடுகூட "அப்படியெல்லாம் இல்லைம்மா" என்று ஆறுதல் சொல்லி முடித்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. வேலையில் தெரியும் அடையாளத்தைச் சொல்லுங்கள்: "டிராஃப்டை நீண்ட நாள் கையில் வைத்துக்கொள்கிறேன், போதுமான தரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, இப்போது நான் எங்கே இருக்கிறேன்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் முடியாத வேலையைக் காட்டலாமா?" இதைப் பலவீனமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இது வேலைப் பேச்சு. எதிர்பார்ப்பைச் சொல்லாமலே விடும் கைடிடம் மாணவர்கள் தாங்களாகவே ஒரு எதிர்பார்ப்பைக் கற்பனை செய்துகொள்கிறார்கள், அது எப்போதும் எட்டாத உயரத்தில்தான் இருக்கும்.

மனம் திறந்து பேசவும் ஒருவர் வேண்டும். அவர் உங்களுக்கு மதிப்பெண் போடும் இடத்தில் இல்லாதவராக இருக்கட்டும். வேறு லேப்பின் சீனியர், வேறு துறைப் பேராசிரியர், இப்படி.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. எல்லாவற்றையும் உங்கள் மனத்துக்குள்ளேயே தேடாதீர்கள். எல்லார் முன்னாலும் அவமதிக்கும் கைடு, நீங்கள் சொன்னதையே அடுத்தவர் சொன்னால் மட்டும் காதில் வாங்கும் கூட்டம், குடும்பத்திலிருந்து முதலில் படிக்க வந்தவர் என்பதால் கண்ணில் படாமல் போகும் எழுதாத விதிகள், தாய்மொழி அல்லாத மொழியில் சட்டென்று வாதாட வேண்டிய நிலை. இவையெல்லாம் "நீ இந்த இடத்துக்கு உரியவள் அல்ல" என்று வெளியிலிருந்து சொல்பவை. அங்கே உங்கள் உணர்வு சூழலைச் சரியாகத்தான் படிக்கிறது. அதற்கு டைரி எழுதுவது மருந்தாகாது. நடந்ததை நாள், நேரம், சாட்சியோடு குறித்துவைத்து, துறைத் தலைவரிடமோ மாணவர் குறைதீர் அமைப்பிடமோ போக வேண்டும், அல்லது கைடு மாற்றுவதற்கான விதி என்ன என்று விசாரிக்க வேண்டும்.

இம்போஸ்டர் உணர்வு என்ற பெயருக்குள் மனச்சோர்வு ஒளிந்திருக்கலாம் என்பதையும் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். 2018-இல் வெளியான ஒரு ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் பதில் சொன்னார்கள், பெரும்பாலோர் பிஎச்.டி. மாணவர்கள். அவர்களில் 39 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வுக்குரிய அளவு வந்தது. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இதை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் சின்ன விஷயமல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டிருந்தால், ஆய்வு மட்டுமல்லாமல் முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல் போனால், கவுன்சிலரையோ மருத்துவரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், தனியாக இருக்கக்கூடாது.

நிலாமுற்றம்

தூக்கம், பசி எல்லாம் சரியாக இருக்கிறது, அக்கறைக்கு நன்றி. நான்கு படங்களையும் ஒரு கேள்வியோடு இன்று கைடுக்கு அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று: இணையத்தில் இதற்கு ஒரு டெஸ்ட் இருக்கிறதே, எடுக்கலாமா?

பதில்: பாலைத்திணை

அது கிளான்ஸ் 1985-இல் வெளியிட்ட அளவை. 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 20-இலிருந்து 100-க்குள் வரும். 40 வரை குறைவு, 41 முதல் 60 மிதம், 61 முதல் 80 அடிக்கடி, அதற்குமேல் கடுமை. எடுங்கள், ஆனால் நோய் கண்டறியும் கருவியாக நினைக்க வேண்டாம். தயாரிப்பு நேரச் சோதனையைத் தொடங்கும் முன் ஒரு முறை எடுத்துத் தேதியோடு குறித்துவையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். வாராவாரம் எடுத்தால் அந்த வாரத்து மீட்டிங் எப்படிப் போனது என்பதைத்தான் அளப்பீர்கள். மொத்த எண்ணைவிட, எந்த வாக்கியங்களுக்கு 5 போட்டீர்கள் என்று பாருங்கள். பாராட்டை ஏற்க முடியாத வகை வாக்கியங்களா, தோல்விப் பயமா, அதிர்ஷ்டக் கணக்கா. அடுத்த சோதனையை அங்கே வைக்கலாம்.